நீர் வந்த வழியே

உரைநடை – பயணக் கட்டுரை

கற்றல் நோக்கங்கள்

* பயணக் கட்டுரையில் வரும் செய்திகளையும் எழுதியவர் கருத்துகளையும் பிரித்தறிதல்.
* இடப்பெயர்களின் பொருளை அறிந்து, அவை பிறந்த காரணத்தை உணர்தல்.
* தாம் கண்ட ஓர் இடத்தைப் பற்றிப் பிழையின்றி எழுதுதல்.

நுழையும்முன்

கோடை விடுமுறையில் மலைக்குச் செல்வோர் பலர். குளிர்ச்சியைத் தேடிச் செல்வோர் உளர்; விலங்குகளைக் காணச் செல்வோர் உளர். ஒரு கணவனும் மனைவியும் தங்கள் ஊர்க் கால்வாயில் ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது என்று காணச் சென்றனர். பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலிருந்து இடுக்கியின் மலைமுகடு வரை அவர்கள் சென்ற வழியில் நாமும் செல்வோமா?

1. கரிசல் மண்ணும் கால்வாயும்

என் துணைவியாரின் ஊர் எருத்தேன்பதி. கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது. கேரளம் என்றவுடன் ஓயாத மழையும் நெல்வயலும் பலர் நினைவுக்கு வரும். எருத்தேன்பதி அத்தகையதன்று. இது மழைமறைவுப் பகுதி. கரிசல் மண், தென்னை, பனை, நிலக்கடலை, கிணற்றடியில் கவலையோடு வானத்தைப் பார்க்கும் உழவர் ஆகியவையே இவ்வூரின் காட்சிகள். வீட்டில் பேசுவது தமிழ். அலுவலகத்தில் எழுதுவது மலையாளம். இரண்டும் இங்குப் பகையின்றி வாழ்கின்றன.

இப்பகுதியின் உயிர்நாடி ஆனைமலையிலிருந்து வரும் நீர். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொதுவானது. 1970ஆம் ஆண்டு மே மாதத்தில் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு அணைக்கட்டின் வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வரவேண்டும். அந்நீர் மூலத்தறை என்னும் இடத்தில் கால்வாய்களாகப் பிரிகிறது. நீர் திறக்கும் செய்தி வந்தால் ஊரே கால்வாய்க் கரையில் நிற்கும். வராத ஆண்டில் கிழக்கு ஓரத்து ஊர்கள் குடிநீர் வண்டிக்குக் குடத்தோடு காத்திருக்கும்.

"ஏனுங்க, பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன். இது புறப்படும் இடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை" என்றார் என் துணைவியார். நான் வெளிமாநிலத்துப் பள்ளியொன்றில் பணியாற்றுபவன். ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் கோடை விடுமுறையில் ஐந்து நாள்களை இதற்கென ஒதுக்கினோம். தூக்குப்போசியில் புளிச்சோறும் இரு குடுவைகளில் நீரும் எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் எங்கள் சிறு மகிழுந்தில் புறப்பட்டோம். கோபாலபுரம் சோதனைச்சாவடியைக் கடந்து பொள்ளாச்சிச் சாலையில் சென்றபோது, தெற்கே நீலநிறச் சுவர்போல் ஆனைமலை எழுந்து நின்றது.

2. சறுக்கிச் சென்ற மரங்கள்

பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் டாப்சிலிப் உள்ளது. மலையடிவாரத்தில் உள்ள சேத்துமடைச் சோதனைச்சாவடியில் வனத்துறையினர் வண்டியைச் சோதித்து, நெகிழிப் பைகள் உள்ளனவா என்று பார்த்து, அனுமதிச்சீட்டு வழங்கினர். மாலைக்குப்பின் இவ்வழியே வண்டிகளை விடுவதில்லை. இரவில் சாலை விலங்குகளுக்கு உரியது.

'டாப்சிலிப்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது? ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இம்மலையின் தேக்கு மரங்கள் கப்பல் கட்டுவதற்காகப் பம்பாய்க்குச் சென்றன. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் சறுக்கிவிட்டுக் கீழே கொண்டு சேர்த்தனர். அவ்வாறு மரம் சறுக்கத் தொடங்கும் மேலிடமே டாப்சிலிப் ஆயிற்று. வெட்டுவோர் வெட்டிக்கொண்டே இருந்தனர், நடுவோர் இலர். காடு மொட்டையாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வனத்துறை அலுவலராக வந்தவர் ஹியூகோ வுட். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்குமாறு விட்டுவைக்கும் முறையை அவர் வலியுறுத்தினார். நடக்கும்போது சட்டைப்பையில் தேக்கு விதைகளை நிறைத்துக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குழி செய்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு விதையை இட்டுச் செல்வது அவர் வழக்கம் என்று இங்குள்ளோர் சொல்வர். 1933இல் இறந்த அவர், தம் விருப்பப்படியே தாம் வளர்த்த மரங்களின் நடுவே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையைச் சுற்றி நின்ற தேக்குகளை அண்ணாந்து பார்த்தோம். காற்றில் அகன்ற இலைகள் உரசும் ஓசையைத் தவிர வேறோர் ஒலியும் இல்லை.

இன்று இக்காடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி. 2007ஆம் ஆண்டு முதல் அப்பெயர் வழங்குகிறது. அருகிலுள்ள கோழிகமுத்தி முகாமில் மலசர் இனத்தைச் சேர்ந்த பாகர்கள் யானைகளைப் பேணி வருகின்றனர். யானையோடு அவர்கள் பேசும் சொற்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே வந்தவை.

3. வழி ஒரு மாநிலம், ஊர் ஒரு மாநிலம்

டாப்சிலிப்பைக் கடந்தால் மீண்டும் கேரளம். ஆனப்பாடியில் கேரள வனத்துறையின் சாவடி உள்ளது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டின் வழியாகவே செல்கிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய அணைகள் நிற்பது கேரள மண்ணில்; அவற்றை இயக்குவது தமிழ்நாடு. எல்லைக்கோடு வரைபடத்தில் எளிதாகத் தெரிகிறது. காட்டில் அதைத் தேடினால் கிடைப்பதில்லை.

இச்சரணாலயம் 2010இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். வருவோருக்கு வழிகாட்டுவோரும் அவர்களே. எங்களுடன் வந்த காடர் இனத்து வழிகாட்டியைத் துணைவியார் 'அண்ணா' என்றே அழைத்தார். அவர் பேசிய மொழி தமிழும் மலையாளமும் கைகோத்ததுபோல் இருந்தது, இருவருக்கும் புரிந்தது.

அவர் எங்களைக் கன்னிமாரா தேக்கு மரத்திடம் அழைத்துச் சென்றார். உலகில் இன்று உயிரோடு நிற்கும் பழந்தேக்குகளுள் ஒன்று இது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். நடுவண் அரசு இதற்கு 'மகாவிருட்ச புரஸ்கார்' என்னும் விருதை வழங்கியுள்ளது. முன்னொரு காலத்தில் இதனை வெட்ட முயன்றபோது குருதி கசிந்ததாகவும், அதுமுதல் மக்கள் இதனைக் கன்னித் தெய்வமாக வணங்குவதாகவும் அவர் கூறினார். மற்ற மரங்களெல்லாம் கப்பலாகவும் தண்டவாளக் கட்டையாகவும் போயின. இம்மரம் மட்டும் ஒரு கதையால் பிழைத்து நிற்கிறது.

மாலையில் தூணக்கடவு நீர்த்தேக்கக் கரையில் நின்றோம். இங்கிருந்து புறப்படும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகச் சர்க்கார்பதி மின்நிலையத்தை அடைகிறது. அங்கு மின்சாரம் தந்தபின் கால்வாய்களில் பிரிந்து சமவெளிக்கு இறங்குகிறது. அதன் ஒரு பகுதியே ஆழியாற்று வழியாக எங்கள் ஊரை நோக்கி வருவது. துணைவியார் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மரத்தைச் சறுக்கிவிட்டுக் கீழே கொண்டுபோனார்கள் என்று காலையில் வருந்தினோம். நாமும் இங்கிருந்து ஒன்றைக் கீழே கொண்டுபோய்த்தான் வாழ்கிறோம், இல்லையா?" என்றார். அக்கேள்வி பயணம் முழுவதும் எங்களோடு வந்தது.

4. காத்திருக்கும் சாலை

மறுநாள் மலையிறங்கி உடுமலைப்பேட்டைக்கு வந்தோம். அங்கிருந்து மூணாறு செல்லும் சாலை, அமராவதி அணையைக் கடந்து சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் நடுவே செல்கிறது. 1984இல் அறிவிக்கப்பட்ட இச்சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 90 சதுர கி.மீ. இதுவும் மழைமறைவுப் பகுதியே. முட்புதர்களும் கள்ளிச்செடிகளும் உலர்ந்த பாறைகளும் கண்ட துணைவியார், "நம் ஊருக்கு உறவாக இருக்கிறதே!" என்று வியந்தார். இங்குச் சிறப்பாகக் காணப்படும் உயிர்கள் சில உண்டு. சாம்பல்நிற மலையணில் அவற்றுள் ஒன்று. நட்சத்திர ஆமை மற்றொன்று.

கேரளத்தின் ஆறுகள் பெரும்பாலும் மேற்கே பாய்ந்து அரபிக்கடலை அடைவன. கிழக்கே பாய்வன மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறும் சின்னாறும் சேர்ந்து அமராவதி ஆகின்றன. அமராவதி கரூரை அடுத்துக் காவிரியில் கலக்கிறது. ஆகவே, நாங்கள் மலையேறிய சாலையும் ஒருவகையில் ஆற்றை எதிர்த்துச் செல்லும் சாலையே.

சின்னாற்றுச் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சில கல் தொலைவு சென்றதும் முன்னே வரிசையாக வண்டிகள் நின்றன. ஒரு பெண்யானையும் அதன் கன்றும் சாலையோரப் புதரில் தழையை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தன. ஆற்றுக்கு இறங்கும் அவற்றின் தடம் சாலையின் குறுக்கே சென்றது. பின்னால் நின்ற வண்டியிலிருந்த ஓர் இளைஞர் பொறுமையிழந்து ஒலிப்பானை அழுத்தக் கை வைத்தார். சாலையில் நின்ற வனக்காவலர் உதட்டில் விரல் வைத்துத் தடுத்தார்.

"யானை நம் வழியை மறிக்கவில்லை, தம்பி. நாம்தான் அதன் வழியில் சாலை போட்டிருக்கிறோம்" என்று அக்காவலர் தாழ்ந்த குரலில் சொன்னார். இயந்திரங்கள் அடங்கின. அரைமணி நேரம் எவரும் பேசவில்லை. தாய் முதலில் சாலையைக் கடந்தது. கன்று அதன் கால்களுக்கிடையே ஒட்டிக்கொண்டு சென்றது. மறுபக்கப் புதர் அசைந்து ஓய்ந்த பின்னரே வண்டிகள் நகர்ந்தன.

கோடையில் காட்டின் ஓடைகள் வற்றும். யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் நீர் வேண்டும். ஆற்றை அடையும் வழி அடைபட்டால் அது ஊருக்குள் வரும். வந்தால் பயிரும் அழியும், மனிதரும் இறப்பர், யானையும் இறக்கும். அரைமணி நேரக் காத்திருப்பின் விலை இவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், அது மிகக் குறைந்த விலையே.

5. முன்பே வந்தவர்கள்

சரணாலயத்தைக் கடந்ததும் மறையூர். காற்றே மணக்கும் சந்தனக் காடு இங்குள்ளது. பாறைமேடுகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. மக்கள் இவற்றை முனியறை என்பர். நான்கு பக்கமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிய ஈமச்சின்னங்கள் இவை. கரும்பாலைக் கொட்டகைகளில் பெருங்கொப்பரையில் சாறு கொதிக்கிறது. பாகு முற்றியதும் மரத்தொட்டியில் ஊற்றி ஆறவைத்துக் கையால் உருண்டை பிடிக்கின்றனர். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் 'அஞ்சுநாடு' எனப்படும். இவ்வூர் மக்களின் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. இம்மலைகளில் வாழும் முதுவர்களும் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே தம்மைச் சொல்வர். குழந்தைகளை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்னும் பெயர் வந்ததாம். அவர்களுக்கு நெடுங்காலத்துக்குப் பின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூணாற்றில் தேயிலை நடப்பட்டபோது, தென்தமிழக ஊர்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்தன.

மாணவர்களே, உங்களுள் பலர் பெற்றோரின் பணி காரணமாகப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். "நாங்கள் எந்த ஊர்க்காரர்?" என்று சில வேளைகளில் உங்களுக்கு ஐயம் எழலாம். இம்மலையில் வாழ்வோருள் பலரும் எங்கிருந்தோ வந்தவர்களே. அவர்கள் தம் மொழியை முதுகில் சுமந்து வந்தனர். வந்த இடத்தின் மண்ணைக் கைகளால் பண்படுத்தினர். ஊர் என்பது வந்த திசையால் மட்டும் அமைவதில்லை. செய்த உழைப்பாலும் அமைகிறது.

6. வருடையின் வீடு

நான்காம் நாள் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குச் சென்றோம். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் இராஜமலைக்கு ஏறவேண்டும். ஒருகாலத்தில் தேயிலைத் தோட்ட அதிகாரிகள் வேட்டையாடிய நிலம் இது. வேட்டைக்காகக் காக்கப்பட்ட இடம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. பரப்பு 97 சதுர கி.மீ. உலகிலேயே வரையாடுகள் மிகுதியாக வாழும் இடம் இதுவே.

வரை என்றால் மலை. மலைச்சரிவில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் புலவர்கள் இதனை 'வருடை' என்றனர். தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுதான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழர் கண்டு பெயரிட்ட விலங்கு அதே பாறைகளில் இன்றும் மேய்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் குட்டி ஈனும் பருவத்தில் பூங்காவை மூடிவிடுகின்றனர். நாங்கள் சென்றது அதற்குப் பின்னர் ஆதலால், குட்டிகள் பாறைக்குப் பாறை தாவும் காட்சியைக் கண்டோம். நாம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடக்க அஞ்சும் செங்குத்துச் சரிவில் அவை விளையாடுகின்றன.

பூங்காவின் தென்பகுதியில் ஆனைமுடி நிற்கிறது. உயரம் 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இதனினும் உயர்ந்த சிகரம் இந்தியாவில் இல்லை. இம்மலை மேட்டில் பெய்யும் மழையின் ஒரு பங்கு பாம்பாறாகிக் காவிரியோடு கலந்து வங்கக்கடலுக்குச் செல்கிறது. மற்றொரு பங்கு பெரியாற்றில் கலந்து அரபிக்கடலுக்குச் செல்கிறது. ஒரே மேகம் இரு கடலுக்கும் நீர் தருகிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாள்களில், ஒரே முறையில் வரையாடுகளைக் கணக்கெடுத்தன. எல்லை அறியாத விலங்கை எண்ணுவதற்கு, எல்லையின் இரு பக்கத்தாரும் சேர்ந்தே எண்ணவேண்டும் அல்லவா?

இராஜமலையில் இன்னோர் இடத்திலும் நின்றோம். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, கடும் மழையில் இதனை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். உங்களைப் போன்ற பள்ளிக் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். இறந்தோரை இராஜமலையில் ஒருங்கே அடக்கம் செய்துள்ளனர். மலையின் அழகைப் பேசுவோர், அம்மலையில் உழைத்தவர்களையும் பேசவேண்டும். துணைவியார் வழியில் பறித்து வைத்திருந்த காட்டுப்பூ எதுவும் இல்லை. பூங்காவில் பூப்பறிக்கக் கூடாது. ஆகவே வெறுங்கையோடு கைகூப்பி வணங்கினோம்.

7. சோலையும் மூடிய சாலையும்

கடைசி நாள் மூணாற்றிலிருந்து 32 கி.மீ. தொலைவிலுள்ள டாப்ஸ்டேஷனுக்குச் சென்றோம். இங்கிருந்து கம்பிவட வழியாகத் தேயிலைப் பெட்டிகளைத் தேனி மாவட்டத்துக் கொட்டகுடிக்கு இறக்கினர். கம்பிவடத்தின் மேல்நிலையம் என்பதால் இப்பெயர். டாப்சிலிப் மரம் இறங்கிய இடம். டாப்ஸ்டேஷன் தேயிலை இறங்கிய இடம். இரண்டு ஆங்கிலப் பெயர்களும் மலையிலிருந்து எதைக் கொண்டுபோனார்கள் என்பதைச் சொல்கின்றன.

தமிழ்ப் பெயர்களைப் பாருங்கள். ஆனைமுடி என்பது யானையின் தலைபோன்ற சிகரம். பாம்பாடும் சோலை என்பது பாம்பு ஆடும் சோலை. மதிகெட்டான் சோலை என்பது உள்ளே புகுந்தவன் திசை மயங்கி மதிகெட்டு அலையும் அடர்காடு. இப்பெயர்கள் மலையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. எடுப்பவன் ஒருவகையாகப் பெயரிடுகிறான். உடன் வாழ்பவன் வேறுவகையாகப் பெயரிடுகிறான்.

ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை ஆகிய மூன்றும் இன்று தேசியப் பூங்காக்கள். பாம்பாடும் சோலையின் பரப்பு 1.32 சதுர கி.மீ. மட்டுமே. கேரளத்தின் தேசியப் பூங்காக்களுள் மிகச் சிறியது இது. 'சோலை' என்னும் நம் சொல்லையே உலக அறிவியலாரும் 'ஷோலா' என்று வழங்குகின்றனர். மலைமடிப்புகளில் குட்டையான மரங்கள் செறிந்த காடும், அவற்றுக்கு மேலே விரிந்த புல்வெளியும் சேர்ந்ததே இந்நிலம். புல்வேர்கள் மழையை வாங்கி மண்ணுக்குள் விடுகின்றன. சோலை அதைத் தேக்கி, கோடையிலும் துளித்துளியாக ஓடைக்குத் தருகிறது. மனிதன் கட்டாத நீர்த்தேக்கம் இது.

பயனற்ற புல் என்று கருதி, பல இடங்களில் புல்வெளியை அழித்து வாட்டில், தைலமரம், பைன் ஆகியவற்றை நட்டனர். அந்நிய மரங்கள் பரவின, ஓடைகள் மெலிந்தன. ஆனைமுடிச் சோலைப் பகுதியில் 2019இல் பெருந்தீயில் வாட்டில் மரங்கள் எரிந்தபின், அங்கு மீண்டும் பழைய புல்வகைகளை நடும் பணி உள்ளூர் மக்களின் துணையோடு தொடங்கியது. ஹியூகோ வுட் மரம் நட்டுக் காட்டை மீட்டார். இவர்கள் புல் நட்டுக் காட்டை மீட்கின்றனர். எந்த நிலத்துக்கு எது உரியதோ, அதை அறிந்து செய்வதே காப்பு.

வட்டவடை அருகே குறிஞ்சிமலைச் சரணாலயம் உள்ளது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் பூக்கவேண்டும். அப்போது உங்களுக்கு என்ன வயதாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

பாம்பாடும் சோலையின் வழியாக முன்பு கொடைக்கானலுக்கு ஒரு சாலை இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பட்ட அச்சாலை இன்று மூடப்பட்டுள்ளது. திறந்தால் பயணம் பல மணி நேரம் குறையும் என்று கேட்போர் உண்டு. சோலை துண்டாகும் என்று தடுப்போரும் உண்டு. தடுப்புக் கட்டைக்கு அப்பால் எட்டிப் பார்த்தோம். சாலையின் நடுவே பாசியும் பெரணியும் முளைத்திருந்தன. ஏதோவொரு விலங்கின் குளம்படி ஈரமண்ணில் புதிதாகப் பதிந்திருந்தது.

"சுற்றிக்கொண்டே போவோம்" என்றார் துணைவியார். வண்டியைத் திருப்பினோம். மலையின் நீர் எங்கள் ஊரை அடைய எத்தனையோ சுரங்கமும் கால்வாயும் சுற்றி வருகிறது. அந்நீர் ஊறும் சோலைக்காக நாம் சில மணி நேரம் சுற்றிச் செல்வது பெரிதன்று.

தெரிந்து தெளிவோம்

* சரணாலயம்: வனவிலங்குகளுக்காக ஒதுக்கப்பட்ட காடு. அங்கு வாழும் மக்களின் சில உரிமைகள் அனுமதியோடு தொடரலாம்.
* தேசியப் பூங்கா: கூடுதல் காப்பு உடையது. கால்நடை மேய்த்தலுக்கு இடமில்லை.
* புலிகள் காப்பகம்: புலிகளைக் காக்க அறிவிக்கப்படும் பரப்பு. உள்ளகப் பகுதி, வெளிவட்டப் பகுதி என இரண்டு உண்டு.
* கேரளத்தின் தேசியப் பூங்காக்கள் ஆறு. அமைதிப் பள்ளத்தாக்கு பாலக்காடு மாவட்டத்திலும், இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை ஆகியவை இடுக்கி மாவட்டத்திலும் உள்ளன. பெரியாறு இடுக்கி, பத்தனம்திட்டை மாவட்டங்களில் பரவியுள்ளது.

சொல்லும் பொருளும்

வரை – மலை
வருடை – வரையாடு
பதி – ஊர், உறைவிடம்
முகடு – உச்சி
கல்திட்டை – கற்பலகைகளால் ஆன பழங்கால ஈமச்சின்னம்
லயம் – தோட்டத் தொழிலாளர் வரிசைவீடு
தூக்குப்போசி – பிடியுடைய தூக்குப் பாத்திரம் (கொங்கு வட்டார வழக்கு)
ஏனுங்க – மதிப்போடு அழைக்கும் சொல் (கொங்கு வட்டார வழக்கு)

மொழியை அறிவோம்: காரணப்பெயர்

ஒரு காரணம் பற்றி இடப்படும் பெயர் காரணப்பெயர். மலையில் வாழும் ஆடு என்னும் காரணத்தால் வரையாடு ஆயிற்று. காரணம் அறிய இயலாது, தொன்றுதொட்டு வழங்கும் பெயர் இடுகுறிப்பெயர். மண், மரம், காடு என்பன இடுகுறிப்பெயர்கள்.

"ஊரே கால்வாய்க் கரையில் நிற்கும்" என்னும் தொடரில் 'ஊர்' என்பது ஊரில் வாழும் மக்களைக் குறிக்கிறது. இடத்தின் பெயர் அவ்விடத்தில் உள்ளோர்க்கு ஆகி வருவதால் இது இடவாகுபெயர்.

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறு
 (அ) பெரியாறு (ஆ) பாம்பாறு (இ) சாலக்குடி ஆறு (ஈ) பாரதப்புழை

2. சங்க இலக்கியத்தில் வரையாட்டைக் குறிக்கும் சொல்
 (அ) களிறு (ஆ) கடமா (இ) வருடை (ஈ) மந்தி

3. 'கரும்பாலை' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
 (அ) கரும் + பாலை (ஆ) கரும்பு + ஆலை (இ) கரும்பா + அலை (ஈ) கரு + பாலை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. டாப்சிலிப் என்னும் பெயர் எவ்வாறு தோன்றியது?
2. கன்னிமாரா தேக்கு வெட்டப்படாமல் பிழைத்ததற்குக் கூறப்படும் கதை யாது?
3. இரவிகுளத்தை ஆண்டின் தொடக்கத்தில் மூடுவது ஏன்?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. சோலையும் புல்வெளியும் கோடையில் நீர் தருவது எவ்வாறு?
2. "யானை நம் வழியை மறிக்கவில்லை" என்று வனக்காவலர் கூறியதன் பொருளை விளக்குக.
3. ஆங்கிலப் பெயர்களுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் இடையே கட்டுரையாளர் காணும் வேறுபாடு யாது? அதனை நீங்கள் ஏற்கிறீர்களா?

ஈ. கலந்துரையாடுக.

மூடப்பட்ட மலைச்சாலையைத் திறக்கவேண்டும் என ஒரு குழுவும், திறக்கக்கூடாது என மற்றொரு குழுவும் பேசுக. சாலையருகில் வாழும் மக்களின் மருத்துவம், கல்வி, வாழ்வாதாரம் ஆகியவற்றையும் கருத்தில் கொள்க.

உ. செய்து பார்ப்போம்.

1. உங்கள் வீட்டுக் குழாயில் வரும் நீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த அணை வழியாக வருகிறது என்று பெற்றோரிடமோ உள்ளாட்சி அலுவலகத்திலோ கேட்டறிந்து, அவ்வழியை வரைபடமாக வரைக.
2. உங்கள் தாத்தா பாட்டியின் ஊர்ப்பெயரை எழுதுக. அது காரணப்பெயராயின் காரணத்தைக் கேட்டு எழுதுக.
3. உங்கள் வீட்டில் மட்டும் வழங்கும் வட்டாரச் சொற்கள் ஐந்தைத் தொகுத்து, வகுப்பில் பொருள் கூறுக.